39 பேருக்கு எதிரே 3 பேர்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 42 வீடு. மழைநீர்க் குழிகளைச் சரிசெய்தால் லாரித் தண்ணீர்ச் செலவு குறையும் என்று மூன்று பேர் சொல்கிறோம். ஒவ்வொரு மீட்டிங்கிலும் கை தூக்கியே தோற்கடிக்கிறார்கள். போன தடவை எங்களில் ஒருவரே அந்தப் பக்கம் கை தூக்கிவிட்டார். விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம், ஆனால் முதலில் அந்த ஒருவரைப் பிடித்துப் பேசுங்கள். 1969இல் பிரான்சில் செர்ஜ் மோஸ்கோவிசி என்ற சமூக உளவியலாளரின் குழுவினர் ஆறு ஆறு பேராக உட்காரவைத்து 36 ஸ்லைடு காட்டினார்கள், எல்லாமே நீலம்தான், ஆனால் ஆறில் இரண்டு பேர் ஆராய்ச்சியாளர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்த ஆட்கள். அந்த இருவரும் 36க்கும் 'பச்சை' என்று சாதித்தபோது மற்றவர்களின் பதில்களில் 8.42 சதவீதம் பச்சையாகிவிட்டது. 24க்குப் பச்சை, 12க்கு நீலம் என்று மாற்றிச் சொல்லவைத்தபோது வெறும் 1.25. சின்னக் குழு பேச்சை மாற்றினால் எடுபடாது, அதனால்தான் அந்த ஒருவரைப் பிடிக்கச் சொல்கிறேன்.

8 என்பது சின்ன எண்தான். 'கூட்டத்தையே உங்கள் பக்கம் திருப்புங்கள்' என்று வார இறுதி வகுப்புக்குப் பணம் கேட்கிறவர்கள் இந்த எண்ணை மட்டும் சொல்லவே மாட்டார்கள். இவர்கள் தொல்லை தாங்கவில்லை. சான்றிதழ் வேறு கொடுக்கிறார்கள்! ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

சரி, ஒரு விஷயம் பாருங்கள். உங்கள் மூவரில் யாராவது பிளம்பிங் காண்ட்ராக்ட் எடுப்பவரா? அவருடைய மச்சான் எடுப்பவரா? அப்படியென்றால் நீங்கள் எவ்வளவு உறுதியாக நின்றாலும் எடுபடாது, 'இவனுக்கு இதில் லாபம்' என்று ஒருவர் முணுமுணுத்தால் போதும், கதை முடிந்தது. அவர் மீட்டிங்கில் வாயே திறக்க வேண்டாம். அந்த வேலைக்கு விலைப்புள்ளியும் கொடுக்கக் கூடாது, மச்சானும் கொடுக்கக் கூடாது.

இன்னொன்று, மனசு மாறினவர்கள் உடனே கை தூக்க மாட்டார்கள். அந்த ஆய்விலேயே, பிறகு தனித்தனியாக நிறம் கேட்டபோது, சபையில் 'பச்சை' என்று சொல்லாதவர்கள்கூடப் பச்சைப் பக்கம் சாய்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கக் கை தூக்கச் சொன்னால் யார்தான் மாறுவார்கள்? நம் அசோசியேஷன்களுக்கு இது எந்தக் காலத்தில் உறைக்குமோ தெரியவில்லை. அடுத்த நோட்டீஸிலேயே சீட்டு வாக்கெடுப்பு என்று போடச் சொல்லுங்கள். செயலாளர் மறுத்தால், மறுத்ததை மினிட்ஸில் எழுதவைத்து அதன் கீழே மூவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.