நோயே ஒழிந்துவிட்டால் என் மகளுக்கு வேலை ஏது?

ஐயா, வணக்கம்.

மகள் பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருடம். ஒட்டுண்ணி நோய்களில்தான் ஆராய்ச்சி செய்வேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். "புழுவையும் கொசுவையும் படித்து என்ன ஆகப்போகிறது, அந்த நோயைத்தான் அரசாங்கமே ஒழித்துக்கொண்டிருக்கிறதே" என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. முதலில் அதற்கே வருகிறேன்.

நரம்புச்சிலந்தி என்னும் கினிப் புழு நோய் இந்தியாவில் 1996-க்குப் பிறகு யாருக்கும் வரவில்லை. 2000-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றும் கொடுத்துவிட்டது. ஆனால் ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் அதே புழு இப்போது நாய்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மனிதர்களில் ஏறக்குறைய ஒழிந்த பிறகுதான் அங்கே விஞ்ஞானிகளுக்குப் புதுத் தலைவலி. யானைக்கால் நோயும் அப்படித்தான். இலங்கை அதைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டதாக 2016-ல் அங்கீகாரம் கிடைத்தது. அதன் பிறகும் கொசுக்களைப் பிடித்து, அவற்றுக்குள் புழுவின் டிஎன்ஏ இருக்கிறதா என்று பிசிஆர் சோதனையில் பார்க்க வேண்டியிருக்கிறது. ஊர் முழுக்க நோய் இருக்கும்போது மாத்திரை கொடுத்தால் போதும். எங்கோ மிச்சமிருக்கும் பத்துப் பேரைத் தேடத்தான் படித்தவர்கள் வேண்டும். அதனால் வேலை தீர்ந்துபோகும் என்ற பயம் வேண்டாம்.

நான் பயப்படச் சொல்வது வேறு விஷயத்துக்கு. இந்தத் துறையில் வேலை பெரும்பாலும் ப்ராஜெக்ட் கணக்கில்தான் கிடைக்கும். ப்ராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடியும். எம்.எஸ்சி. இரண்டு வருடம், பிஎச்.டி. ஐந்து வருடம், அப்புறம் போஸ்ட்டாக் என்னும் தற்காலிக ஆராய்ச்சி வேலை. நிரந்தர விஞ்ஞானிப் பதவி கைக்கு வருவதற்குள் முப்பது தாண்டிவிடும். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்னும் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, கூடவே வீட்டு வாடகைப் படி. குடும்பத்துக்குப் பணம் அனுப்பப் போதாது. உங்களிடம் கேட்காமல் இருக்கப் போதும். ஜேஆர்எஃப் இல்லாமல் பிஎச்.டி.யில் சேர்வதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

"டாக்டருக்குப் படிக்காதவளுக்கு இதில் என்ன மதிப்பு?" என்றும் கேட்டிருந்தீர்கள். 2015-ல் மருத்துவ நோபல் வாங்கிய வில்லியம் கேம்பெல் டாக்டர் இல்லை. அயர்லாந்தில் விலங்கியல் படித்தவர். மெர்க் நிறுவனத்தில் கால்நடைகளின் குடற்புழுக்களோடு பல வருடம் மல்லாடியவர். அப்படி வந்த ஐவர்மெக்டின்தான் ஆப்பிரிக்காவில் புழுவால் பார்வை போகும் ஆற்றுக்குருடு நோய்க்கு மருந்தாயிற்று. 1987-ல் அதை இலவசமாகக் கொடுப்பதாக மெர்க் அறிவித்தது. எல்லோருக்கும் நோபல் வராது, அது வேறு. ஆனால் விலங்கியல்காரர்களுக்கு இந்தத் துறை சொந்த வீடு.

இனி மகளிடம் பேசுங்கள். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் நம் பக்கத்தில் இரவில்தான் தோலருகே உள்ள ரத்தத்துக்கு வரும். அதனால் ஊர் தூங்கப்போகும் நேரத்தில் வீடு வீடாகப் போய், விரலில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி எடுக்க வேண்டும். "பகலில் வாங்க" என்று கதவைச் சாத்துவார்கள். மறுநாள் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு தகடாகத் தேட வேண்டும். புழு அகப்பட்டால் எந்த வகை என்று அறிய வாலின் நுனியைப் பார்ப்பார்கள்: அங்கே உட்கரு இல்லையென்றால் உச்செரேரியா, இரண்டு தனியாக நின்றால் ப்ரூஜியா. நூறு தகட்டில் ஒன்றும் கிடைக்காமலும் போகும். அந்த நூறாவது தகட்டையும் முதல் தகட்டைப் போலப் பார்க்கப் பொறுமை உண்டா? ஆய்வகக் கோட்டு மேல் மட்டும் ஆசை என்றால் எம்.எஸ்சி. உயிர்தொழில்நுட்பம் போகட்டும்.

பொறுமை உண்டு என்றால், புதுச்சேரியில் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1975 முதல் கொசுவும் யானைக்காலும்தான் அவர்கள் பிழைப்பு. பொது சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்சி. அங்கேயே நடக்கிறது. சேர்க்கை அறிவிப்பை அவர்கள் இணையதளத்தில் பாருங்கள். கூடவே வேறு இரண்டு எம்.எஸ்சி. விலங்கியல் விண்ணப்பமும் போட்டு வையுங்கள்.

கல்யாணப் பேச்சை நெட் முடிவு வரும்வரை தள்ளிவையுங்கள். அது ஆலோசகர் சொல்ல வேண்டியதில்லைதான். ஆனால் கடிதத்தில் நான்கு இடத்தில் நீங்களே எழுதியிருந்ததால் சொல்கிறேன்.