அந்தக் கலம் ஏன் சாகவில்லை?

போன சனிக்கிழமை வெள்ளவத்தையிலிருந்து ஓர் அம்மா மகளின் மேற்படிப்பு பற்றிக் கேட்க அவளையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்திருந்தார். உயிரியல் பிரிவில் நல்ல பெறுபேறு, ஆனால் மருத்துவபீட வெட்டுப்புள்ளி மயிரிழையில் தப்பிவிட்டது. கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞானபீடம் கிடைத்திருக்கிறது. அம்மாவோ அதைக் கிடைத்த கணக்கிலேயே சேர்க்கவில்லை. "பி.எஸ்சி செய்து என்ன செய்யிறது, ரியூசன் குடுக்கிறதே?" கையில் வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றின் பளபளப்பான கையேடு. ஒரு கோடிக்கு மேல் முடியுமாம். கனடா மாமா பாதி தருவார், மீதிக்கு ஃபிளாட்டை ஈடு வைக்கலாம். பிள்ளை விஓஜி, அதாவது மகப்பேற்று, பெண்நோயியல் நிபுணர் ஆகவேண்டும். காரணம், மூத்தவளுக்கு எண்டோமெற்றியோசிஸ்: கருப்பையின் உட்படை போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே ஒட்டி வளரும் நோய்.

"யோசிக்காதேங்கோ அம்மா" என்றுதான் நானும் தொடங்கினேன். பிள்ளை அந்தக் கையேட்டின் பின்னட்டையில் பேனையால் கீறிக்கொண்டிருந்தாள். ஒட்டியிருந்த இடத்திலிருந்து கழன்று மிதக்கும் ஒரு கலம், பக்கத்தில் கேள்விக்குறி. "சேர், இது ஏன் சாகேல்லை?" என்று கேட்டாள். அதன் பிறகு ஆறுதல் சொல்கிற வேலையை நான் விட்டுவிட்டேன்.

அம்மா, உங்கள் மகள் கேட்டது சின்னக் கேள்வி இல்லை. மாதவிடாய் இரத்தத்தில் கொஞ்சம், கருப்பை உட்படைக் கலங்களோடு, பலோப்பியன் குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றறைக்குள் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடப்பதுதான். இதை நோயின் காரணமாக முன்வைத்தவர் அமெரிக்க மருத்துவர் ஜோன் சாம்ப்சன், 1920களில். ஆனால் நோய் வருவது பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு. உலகத்தில் சுமார் 19 கோடிப் பெண்கள். மற்ற ஒன்பது பேருக்கு ஏன் வருவதில்லை? ஒட்டியிருந்த இடத்தை இழந்த கலம் தானாகவே செத்துப்போக வேண்டும் என்பது உடலின் சட்டம். இந்தச் சாவுக்கு 'அனோய்க்கிஸ்' என்று பெயர்; வீடற்ற நிலை என்ற பொருளில் கிரேக்கச் சொற்களிலிருந்து செய்துகொண்டது. (எங்கள் ஆட்களுக்கு இதை விளக்க அதிக நேரம் எடுக்காது.) எண்டோமெற்றியோசிஸ் கலங்கள் இந்தச் சட்டத்துக்கு அடங்குவதில்லை. சாவைத் தடுக்கிற பிசிஎல்-2 போன்ற புரதங்கள் அவற்றில் கூடுதலாக இருக்கின்றன. அரோமற்றேஸ் நொதியால் தங்களுக்கு வளர வேண்டிய ஈஸ்ட்ரோஜன் ஹோர்மோனைத் தாங்களே செய்துகொள்கின்றன. வளர்ச்சியை அடக்கும் ஹோர்மோனான புரோஜெஸ்டரோன் "போதும், நிறுத்து" என்றால் காதில் விழுவதில்லை. புது இரத்தக் குழாய்களை இழுத்துக்கொள்கின்றன. துப்புரவாக்க வரும் நோயெதிர்ப்புக் கலங்களான மக்ரோபேஜ்களே அவற்றுக்குத் துணைபோகின்றன. 2017இல் இன்னொன்று வெளியானது: ஆழமாக ஊடுருவும் வகையில், புற்றுநோய் இல்லாத இழையத்திலேயே, கே-ராஸ் போன்ற புற்றுநோய் மரபணுக்களில் மாற்றங்கள்.

மூத்தவளுக்கு அந்த இழையத்தை லப்பிரஸ்கோப்பியில், சிறு துளை வழியான சத்திரசிகிச்சையில், எடுத்தார்கள், திரும்பவும் வந்தது என்றீர்கள். எடுத்தவர் கெட்டிக்காரர்தான். அவர் கத்தி பிடிக்கிற இடம் வேறு, உங்கள் சின்னவள் கேள்விக்குறி போட்ட இடம் வேறு. நோயை அடியோடு மாற்றும் மருந்து இன்னும் இல்லை. அது வருமென்றால் அந்தக் கேள்விக்குறி இருக்கிற பக்கத்திலிருந்துதான் வரும்.

வெளிநாட்டுக் கல்லூரி பற்றி ஒன்றே ஒன்று. முடித்து வந்தாலும் இலங்கை மருத்துவ சபையின் பதிவுப் பரீட்சை, உள்ளகப் பயிற்சி, அதன் பிறகுதான் விஓஜிக்கான எம்.டி பட்டமேற்படிப்பு. அதுவரை ஃபிளாட்டுக்கு வட்டி கட்டப்போவது மாமா இல்லை.

இனிக் கையில் இருப்பதைப் பாருங்கள். விஞ்ஞானபீடத்தில் கற்பித்தல் கட்டணம் இல்லை. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம், போர்டிங் செலவும் இல்லை. வருமானம் பொருந்தினால் மகாபொல உதவித்தொகையும் கிடைக்கும். முதல் ஆண்டுகளில் இரசாயனவியலையும் விலங்கியலையும் விடாமல் பிடிக்கட்டும். நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தில் உயிர்இரசாயனவியலும் மூலக்கூற்று உயிரியலும் இருக்கிறது, நிர்ப்பீடனவியல் (நோயெதிர்ப்பு பற்றிய துறை) பக்கமும் இருக்கிறது. இடங்கள் கொஞ்சம், முதல் ஆண்டுகளின் புள்ளிதான் தீர்மானிக்கும். அதனால் "கம்பஸ் கிடைச்சிட்டுது" என்று மூச்சுவிட நேரமில்லை. கடைசி வருடம் ஆய்வுக்கூடத்தில் சொந்த ஆய்வு: கலங்களை வளர்ப்பது, ஆர்.என்.ஏ பிரிப்பது, பிசிஆர் ஓட்டுவது. கொவிட் காலத்தில் பிசிஆர் தெரிந்தவர்களைத் தேடித் திரிந்தது நினைவிருக்கும்.

பிறகும் தூரப் போகத் தேவையில்லை. உயிர்இரசாயனவியல், மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழில்நுட்ப நிறுவகம் அதே பல்கலைக்கழகத்தில்தான் பட்டமேற்படிப்பு நடத்துகிறது. மருத்துவபீடத்தில் மனித மரபியல் அலகு 1983 முதல் இருக்கிறது. வெளிநாடு அப்போது போகட்டும், விஞ்ஞானத்தில் பிஎச்.டிக்கு எடுபடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே உதவித்தொகை தருகிறது, ஃபிளாட் உங்களிடமே இருக்கும். தொடக்கச் சம்பளம் டொக்டர் சம்பளம் இல்லை. அதை மறைத்து உங்களை அனுப்ப மாட்டேன்.

மாமாவுக்கு நான் கதைக்கிறேன், வட்ஸ்அப் இலக்கம் தாருங்கள். மகளிடம் ஒரு தரம் கேளுங்கள், அக்காவுக்காக இல்லாமல் அவளுக்காக. வெட்டுப்புள்ளி தவறியதற்கு நீங்கள் அழுதீர்கள், அவள் அழவில்லை. அதை நான் கவனித்தேன். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தந்த பதிவுத் திகதி தவறினால் இடம் போய்விடும். திங்கட்கிழமையே பதிவை முடியுங்கள். கையேட்டைக் குப்பையில் போடாதீர்கள், பின்னட்டையில் படம் இருக்கிறது.