என் கணினியில் ஓடும் கேம் நண்பரின் கணினியில் ஏன் ஓடுவதில்லை?

நீங்கள் செய்த கேமை, அதை உருவாக்கிய மென்பொருள் இல்லாத கணினியிலும் தானாக ஓடும் வடிவத்துக்கு மாற்றுவதுதான் எக்ஸ்போர்ட். சிலர் இதை பில்ட் என்பார்கள். மாணவர் புராஜெக்ட்டுகள் பல சறுக்குவது இந்தக் கடைசிப் படியில்தான்.

உங்கள் கணினியில் கேம் தனியாக ஓடவில்லை. கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியோ கோடோவோ பின்னால் நின்று படம், ஒலி, எழுத்துரு எல்லாவற்றையும் எடுத்துக் கொடுக்கிறது. வீட்டில் ஒத்திகை பார்க்கும் நாடகக் குழு வீட்டு நாற்காலியையே சிம்மாசனமாக வைத்துக்கொள்ளும். வேறு மேடைக்குப் போகும்போது அதைத் தூக்கிப் போகாவிட்டால் ராஜா நிற்க வேண்டியதுதான்!

கோப்புகளின் முகவரிதான் முக்கியமான சிக்கல். 'சி டிரைவில் இந்த ஃபோல்டர்' என்று முழு முகவரி எழுதியிருந்தால் அது உங்கள் கணினிக்கு மட்டுமே பொருந்தும். புராஜெக்ட் ஃபோல்டரிலிருந்து தொடங்கும் முகவரியே நல்லது. அப்புறம், கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறியிருந்தால் விண்டோஸ் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. லினக்ஸில் படம் கிடைக்காது. எல்லாவற்றையும் சிறிய எழுத்திலேயே வைத்துவிட்டால் தொல்லையில்லை. முடித்ததும், அந்த மென்பொருள் இல்லாத ஒரு கணினியில் ஓட்டிப் பாருங்கள்.

எக்ஸ்இ கோப்பை (விண்டோஸில் கேமைத் திறக்கும் கோப்பு) மட்டும் அனுப்பினால் போதும் என்று பலர் நினைப்பார்கள். ஆனால் அது போதாது: யூனிட்டியில் கூடவே வரும் டேட்டா ஃபோல்டர், மற்ற கோப்புகள் எல்லாம் சேர்த்து ஜிப் செய்துதான் அனுப்ப வேண்டும்.