பென் டிரைவில் 3,000 பாட்டு, மேடையில் ஒரே தொண்டை

கேள்வி: அண்ணன் மகளுக்கு வைகாசியில் கல்யாணம், காட்பாடியில் மண்டபம். முதல் நாள் மாலை வரவேற்புக்கு ஆர்கெஸ்ட்ரா வைக்கக் கையில் காசு இல்லை. என் மகள் கல்லூரி விழாக்களில் பாடியவள், டிராக் (பாடகர் குரல் இல்லாத பின்னணி இசை) போட்டுப் பாடட்டும் என்று முடிவு செய்தோம். 3,000 டிராக் உள்ள பென் டிரைவை 1,500 ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். தனித்தனியாக வாங்கினால் விலை கூடுதலாக இருக்கிறது. எதை வாங்கலாம்?
— வாசகி, குடியாத்தம்

பதில்: உங்கள் மகள் அன்றைக்கு எத்தனை பாட்டுப் பாடுவாள் என்று முதலில் கணக்குப் போடுங்கள். ஏழு மணிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறினால், ஒன்பதரைக்குள் பந்தி முக்கால்வாசி முடிந்துவிடும். நடுவில் பெரியவர்கள் வாழ்த்த மைக் கேட்பார்கள். ஒரே ஆள் பன்னிரண்டு பாட்டைத் தாண்டினால் தொண்டை கட்டிக்கொள்ளும். ஆக, பன்னிரண்டு டிராக்கும் கைவசம் மூன்றும் போதும். மீதி 2,985 எதற்கு?

அந்தப் பன்னிரண்டையும் பாட்டு பிடித்திருக்கிறது என்பதற்காக எடுக்காதீர்கள், மகளின் கட்டையை, அதாவது குரல் நிற்கும் ஸ்ருதியைப் பாருங்கள். கச்சேரிக் கணக்கில் பெண்கள் ஐந்து, ஐந்தரை, ஆறு கட்டையில் பாடுவார்கள், ஆண்கள் ஒரு கட்டையை ஒட்டி நிற்பார்கள். சினிமாப் பாட்டு அப்படி வரிசையில் நிற்காது. பல்லவியின் அடி வரியை முணுமுணுக்காமலும் சரணத்தின் உச்ச வரியைக் கத்தாமலும் பாட முடிகிறதா என்று பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. அதையும் சாயங்காலத்தில் செய்து பாருங்கள். பகலெல்லாம் சொந்தக்காரர்களோடு பேசி, வைகாசி வெயிலில் ஐஸ் மோர் குடித்த தொண்டை வேறு, காலையில் சாதகம் செய்யும் தொண்டை வேறு. சந்தேகம் இருந்தால் அரைக் கட்டை இறக்கியே வைத்துக்கொள்ளுங்கள்.

'கட்டையைப் போன் ஆப்பில் ஏற்றி இறக்கிக்கொள்ளலாமே' என்று விற்பவர் சொல்வார். கொஞ்சம் முடியும். ஆப்பில் +1 என்பது கீபோர்டில் அடுத்த கட்டை, கருப்போ வெள்ளையோ. இரண்டு வரை பெரும்பாலும் காது ஏமாறும். அதற்கு மேல் போனால் தபலா தகரம் தட்டுவது போலாகும், வயலின் அழும். ஆண் குரல் பாட்டைப் பெண் பாடுவதற்கு ஆப்பில் +4, +5 என்று ஏற்ற வேண்டி வரும், அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். அந்தப் பாட்டு இல்லாமல் முடியாது என்றால், அந்த ஒன்றை மட்டும் கீபோர்டு வாசிப்பவரிடம் கொடுத்து மகளின் கட்டையிலேயே புதிதாக வாசித்து வாங்குங்கள். பென் டிரைவுக்குக் கொடுக்க இருந்த பணத்தை இதற்குக் கொடுப்பது நல்ல செலவு.

அடுத்தது, டிராக் எப்படிப் பிறந்தது என்று கேளுங்கள். இசைக்கருவிகளைப் புதிதாக வாசித்துச் செய்தது ஒரு வகை. அசல் பாட்டிலிருந்து குரலைச் சுரண்டி எடுத்தது இன்னொரு வகை. மொத்தமாக விற்கும் பென் டிரைவில் பெரும்பாலும் இரண்டாவதுதான். ஹெட்போன் போட்டு, பாடகர் வரியை முடிக்கும் இடத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள். 'ச', 'ஷ' எழுத்துகள் சீறும், எதிரொலி பேய் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். மேடையில் உங்கள் மகள் கொஞ்சம் முந்தினாலோ பிந்தினாலோ இரண்டு பேர் பாடுவது போலக் கேட்கும். ஒலித் தரத்தைக் காட்ட 320 கேபிபிஎஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்தும் மயங்க வேண்டாம். 128-இல் இருந்ததை 320 ஆக மாற்றிச் சேமித்தால் கோப்பு பெருக்குமே தவிர, போன ஒலி திரும்பாது.

டூயட் என்றால் ஆண் குரல் டிராக்கில் இருக்க வேண்டுமா, வேண்டாமா என்று வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். இசைக்கு முன்பே குரல் தொடங்கும் பாட்டாக இருந்தால், ஆரம்பத்தில் ஒரு ஸ்ருதியும் தாளத்துக்கு நாலு தட்டும் இருக்கிறதா பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மகள் ஒரு கட்டையில் எடுப்பாள், டிராக் இன்னொரு கட்டையில் வந்து சேரும். இன்டர்லூட் (நடுவில் வரும் வெறும் இசை) முக்கால் நிமிடம் ஓடும் பாட்டுகளையும் குறைத்துக்கொள்ளுங்கள். அந்நேரம் கையைப் பிசைந்துகொண்டு நிற்க ஒரு தனித் தைரியம் வேண்டும்.

கேள்வி: போன மாதம் ராணிப்பேட்டையில் தம்பி கல்யாணம். வீட்டில் ஹெட்போனில் பிரமாதமாகக் கேட்ட டிராக், மண்டபத்தில் டிரம்மும் பாஸும் இல்லாமல் தகர டப்பா மாதிரிக் கேட்டது. டிராக் விற்றவர் மேல் புகார் கொடுக்கலாமா?
— வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: அவசரப்படாதீர்கள், குற்றவாளி ஒயராக இருக்கலாம். போனில் இடது, வலது என இரண்டு ஒலி வருகிறது. அதை ஒரே தடித்த பின்னில் இறக்கி, மைக் செட்டில் ஒலிகளைச் சேர்க்கும் மிக்ஸரின் ஒற்றைச் சேனலில் செருகினால், பல மிக்ஸர்கள் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிடும். இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் பாஸ், கிக் டிரம் எல்லாம் அந்தக் கழித்தலில் காணாமல் போகும். ஒரு முனையில் இரண்டு பின்னாகப் பிரியும் ஒயரைக் கொண்டுபோய் இரண்டு சேனலில் செருகினால் தீர்ந்தது. விலை அதிகமில்லை, மைக் செட்காரரிடம் இருக்கும் என்று நம்பாமல் நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குரல் நீக்கிய சில டிராக்குகளில் இதற்கு நேர் எதிரான வம்பு உண்டு. மண்டபத்தில் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒலிக்கவிட்டால் மொத்தப் பாட்டும் ஏறக்குறைய மௌனமாகிவிடும். அதனால் முன்பணம் கொடுக்கும் நாளிலேயே ஒரு டிராக்கை மண்டப ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பது என் வழக்கம். மைக் செட்காரர்கள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

ப்ளூடூத் வேண்டாம். ஒலி கொஞ்சம் தாமதமாக வந்தாலும் பாடுபவர் அதைக் கேட்டே பாடுவதால் சிக்கல் இல்லை. ஆனால் போன் திரையில் பாட்டு வரி முந்தி ஓடும், கூட்டத்தில் இணைப்பும் அறுந்து போகும். டிராக்கை ஓட்டும் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். இதை நான் பாடமாகக் கற்றவன். என் அக்கா மகள் வரவேற்பில் என் போனில்தான் டிராக் ஓடியது. சரணம் உச்சத்தில் இருக்கும்போது, வர முடியாத உறவினர் ஒருவர் வாழ்த்துச் சொல்ல அழைத்தார். என் ரிங்டோனை மண்டபமே கேட்டது.

ஒயர் சரியாக இருந்தும் டிராக் கோளாறு என்றால் புகார் செய்யலாம், ஆனால் பில் வேண்டும். பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிகம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். சில நூறு ரூபாய் டிராக்குக்கு அவ்வளவு தூரம் நான் போக மாட்டேன்.

கேள்வி: சினிமாப் பாட்டு பாடினால் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்கிறார் மண்டபக்காரர். உண்மையா?
— வாசகர், பள்ளிகொண்டா

பதில்: கல்யாணத்துக்கு வேண்டியதில்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(இசட்ஏ) பிரிவு, மதச் சடங்குகளில் பாட்டு ஒலிப்பதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய விழாக்களும் அதில் அடங்கும் என்று சட்டமே விளக்கம் தருகிறது. ஒன்றிய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறையும் 2023 ஜூலையில் இதைப் பொது அறிவிப்பாக வெளியிட்டது. ஒரு பிரதி எடுத்து மண்டபக்காரரிடம் காட்டுங்கள். இந்த விலக்கு கல்யாணத்தில் பாடுவதற்கும் ஒலிப்பதற்கும்தான், அனுமதியில்லாமல் பிரதி எடுத்துப் பென் டிரைவில் விற்பவருக்கு அல்ல.

தெருவில் பந்தல் போட்டு மைக் கட்டுகிறீர்கள் என்றால் அது வேறு கதை. ஒலிபெருக்கிக்கு எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், இரவு 10 மணிக்கு நிறுத்தவும் வேண்டும். கடைசி டூயட்டை ஒன்பதே முக்காலுக்குள் வையுங்கள்.