ஆட்டை விற்காமல் பஞ்சத்தைக் கடக்க: வாசகர் கேள்வி-பதில்

ஏழை விவசாயக் குடும்பத்துக்கு உதவி என்றால் பணமாகக் கொடுப்பது நல்லதா, ஆடு மாடாகக் கொடுப்பதா?

கொடுத்த ஆடு அடுத்த அறுவடைவரை அந்த வீட்டில் நிற்குமா? நான் முதலில் கேட்பது இதைத்தான். குதிரில் தானியம் தீர்ந்து, அறுவடைக்கு இன்னும் இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதுதான் ஒரு குடும்பம் சறுக்குகிறது. ஊரே விற்கும் அந்த நேரத்தில் ஆடு அடிமாட்டு விலைக்குத்தான் போகும். அதன்பின் எழுந்து நிற்கப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2002-ல் தொடங்கிய திட்டம் இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தது. கால்நடையோடு சில மாதச் சாப்பாட்டுச் செலவுக்கு உதவித்தொகை, வளர்ப்புப் பயிற்சி, சேமிப்பு, அடிக்கடி வீட்டுக்கு வந்து விசாரிக்கும் பணியாளர் என எல்லாம் சேர்ந்தே வரும். எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய 6 நாடுகளில் இதே முறையைச் சோதித்த ஆய்வு 2015-ல் வெளியானது. திட்டம் முடிந்து ஓராண்டு ஆன பிறகும் ஒட்டுமொத்தமாக அந்தக் குடும்பங்களின் நிலை மேம்பட்டே இருந்தது. ஹோண்டுராஸில் மட்டும் பலர் வாங்கிய கோழிகள் நோயில் செத்துப்போயின. அந்தத் தோல்விதான் எனக்குப் பெரிய பாடம். கோழி கொடுக்கும் முன், தடுப்பூசி போட அந்த ஊரில் ஆள் உண்டா என்று பார்த்துவிட வேண்டும்.

சந்தை பக்கத்தில் இருந்து, தொழிலும் தெரிந்த குடும்பம் என்றால் பணமே போதும். எதை வாங்குவது என்று அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

நல்ல சிமெண்ட் மதகு கட்டிக்கொடுத்தும் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் வரவில்லை என்கிறார்களே, ஏன்?

நேபாளத்துப் பாசன வாய்க்கால்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் எலினார் ஆஸ்ட்ரம். 2009-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். கல்லும் மண்ணும் மரமும் வைத்து விவசாயிகளே கட்டி நிர்வகித்த அமைப்புகளில் பல, அரசுத் துறை கட்டிய உறுதியான அமைப்புகளைவிடக் கடைமடைக்கு நன்றாகத் தண்ணீர் கொண்டுசேர்த்ததை அவரும் சக ஆய்வாளர்களும் கண்டார்கள்.

காரணம் மனிதர்களுக்கு இடையில் இருக்கிறது. மண் அணை ஒவ்வொரு வெள்ளத்திலும் உடையும். அதைத் திரும்பக் கட்டத் தலைமடைக்காரருக்குக் கடைமடைக்காரரின் உழைப்பு வேண்டும். உழைப்புக்கு ஈடாகத் தண்ணீரில் பங்கு கிடைக்கும். உடையாத மதகு வந்ததும் அந்தத் தேவை போய்விடுகிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, ஆனாலும் கடைமடைக்காரரின் பேரம் பேசும் பலம் கைநழுவிவிடுகிறது.

அதனால் சிமெண்டே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இப்போது யார் தூர் வாருகிறார்கள், எந்தக் கணக்கில் முறைவைத்துப் பாய்ச்சுகிறார்கள் என்று கேட்டு, அந்தப் பங்கீட்டை எழுத்தில் உறுதிசெய்த பிறகு கட்டுங்கள். வரைபடம் தயாரான பிறகு கூட்டும் ஊர்க்கூட்டத்தால் பயனில்லை.

காப்பீடு இருந்தால் வறட்சியைச் சமாளிக்கலாம் அல்லவா?

ஓரளவுக்கு. கென்யாவின் மார்சபிட் பகுதியில் 2010 முதல் மேய்ச்சல் குடும்பங்களுக்கு ஒரு காப்பீடு உண்டு. மேய்ச்சல் நிலம் எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று செயற்கைக்கோள் அளக்கும். அளவு குறைந்தால் இழப்பீடு வரும். இழப்பை நேரில் வந்து சரிபார்க்கும் செலவு மிச்சம். ஆனால் அது வட்டாரச் சராசரி. உங்கள் மாடு செத்து, வட்டாரம் பச்சையாக இருந்தால் ஒன்றும் கிடைக்காது. காப்பீட்டோடு சேமிப்பும் இருக்கட்டும்.

பேரிடர் முடிந்த பிறகுதானே உதவி வருகிறது?

முன்பே வரலாம். 2020 ஜூலையில் வங்கதேச வெள்ளம் உச்சத்தைத் தொடுமுன், முன்னறிவிப்பை வைத்தே ஐ.நா. நிதி விடுவிக்கப்பட்டு, குடும்பங்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. தீவனம் வாங்கவும், கால்நடையை மேட்டுக்குக் கொண்டுபோகவும் அந்தச் சில நாள்கள் போதும். முன்னறிவிப்பு எந்த அளவைத் தொட்டால் பணம் போகும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். வெள்ளம் வரும்போது கூட்டம் போட்டால் தாமதமாகிவிடும்.

வறட்சியைத் தாங்கும் திறனுக்குப் புதிய தொழில்நுட்பம் அவசியமா?

புர்கினா பாசோவில் யாகூபா சவடோகோ என்ற விவசாயி, இறுகிய கட்டாந்தரையில் 'ஸாய்' என்ற பழைய குழிமுறையைச் செம்மைப்படுத்தினார். கோடையிலேயே குழி தோண்டி எருவும் குப்பையும் இடுவார். அதைத் தேடி வரும் கரையான்கள் மண்ணைத் துளைக்க, மழைநீர் உள்ளே இறங்கும். 2018-ல் மாற்று நோபல் எனப்படும் விருது அவருக்குக் கிடைத்தது. அண்டை நாடான நைஜரில், வெட்டிய மரங்களின் அடிக்கட்டையிலிருந்து துளிர்ப்பதைக் காத்தே பல லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின. மரம் அரசுக்குத்தான் சொந்தம் என்ற நிலை தளர்ந்து, தன் வயல் மரம் தனக்கே என்று விவசாயி நம்பத் தொடங்கியது அதற்குப் பெரிதும் உதவியது.

நன்கொடை தர விரும்புகிறேன். நிறுவனத்திடம் என்ன கேட்கலாம்?

"திட்டம் முடிந்து மூன்றாம் ஆண்டு அந்த ஊருக்குத் திரும்பிப் போனீர்களா? என்ன பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். பம்பு பழுதானால் யார் சரிசெய்வார், உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கெட்டுப்போன ஒன்றையாவது மறைக்காமல் சொல்பவர்களுக்கு நான் பணம் கொடுப்பேன்.