லினக்ஸில் நெட்வொர்க் முகவரிகளைக் காட்டும் பழைய கட்டளையான இஃப்கான்ஃபிக் (ifconfig) போதாதா? அதே வேலைக்கான ஐபி (ip) கட்டளையை எதற்குப் புதிதாகக் கற்க வேண்டும்?

போதாது. நீங்கள் சர்வர் பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வகுப்பில் இஃப்கான்ஃபிக்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எனக்கும் அப்படித்தான். அதை நம்பிப் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

அன்று இரவுப் பணி. பேக்கப்புக்கு வந்த புதிய சர்வருக்கு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) கொடுக்க வேண்டும். 24இல் முடியும் முகவரி காலி என்று பட்டியலில் இருந்தது. அந்த முகவரியில் ஏதாவது கணினி இருக்கிறதா என்று பிங் (ping) செய்தேன், பதில் இல்லை. சந்தேகம் தீர டேட்டாபேஸ் சர்வரிலும் இஃப்கான்ஃபிக் அடித்தேன். 21இல் முடியும் முகவரி மட்டும்தான் வந்தது. 24ஐக் கொடுத்துவிட்டேன்.

காலையில் பில் போடும் பிரிவிலிருந்து போன். சில கணினிகள் ஓடுகின்றன, சில ஓடவில்லை. ஓடாத ஒன்றின் ஏஆர்பி (ARP) அட்டவணையைப் பார்த்தேன்; எந்த ஐபி முகவரி எந்த நெட்வொர்க் கார்டுக்கு உரியது என்று அதில் இருக்கும். 24க்கு நேரே என் புதிய சர்வரின் மேக் (MAC) முகவரி, அதாவது அதன் நெட்வொர்க் கார்டின் அடையாள எண். ஓடுகிற கணினியிலோ அதே 24க்கு நேரே டேட்டாபேஸ் சர்வருடையது. அந்தச் சர்வரில் 'ஐபி அட்ரெஸ் ஷோ' அடித்தேன். ஒரே கார்டின் கீழ் 21, அடுத்த வரியில் 24. அந்த வரியின் ஓரத்தில் 'செகண்டரி' (கூடுதல் முகவரி) என்ற சொல். ஒரே முகவரி இரண்டு சர்வர்களில் இருந்ததால்தான் சில கணினிகள் தவறான சர்வருக்குப் போயிருக்கின்றன.

யாரோ ஐபி கட்டளையால் லேபிள் (முகவரிக்குத் தனியாக வைக்கும் பெயர்) வைக்காமல் சேர்த்த முகவரி அது. இஃப்கான்ஃபிக் ஒரு கார்டு பெயருக்கு ஒரு முகவரி என்ற பழைய முறையில்தான் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிடம் கேட்கும். ஐபி கட்டளை நெட்லிங்க் என்ற புதிய வழியில் கேட்பதால் எல்லா முகவரியும் வரும். பிங்குக்குப் பதில் வராததற்கு அதைத் தடுத்த ஃபயர்வால் காரணம். ஏஆர்பி வழியாகக் கேட்கும் ஏஆர்பிங் (arping) அடித்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும்.

'சரிபார்க்காதது உன் தவறு' என்று சிலர் எழுதுவீர்கள். பட்டியல், பிங், இஃப்கான்ஃபிக் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் செய்தேன். ஆனால் அறிக்கையில் என் பெயர் மட்டும் ஏறியது. முகவரியைச் சேர்த்துவிட்டுக் குறித்து வைக்காதவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஆண்டு எனக்கு ஊதிய உயர்வும் இல்லை.   பழி மட்டும் தவறாமல் வந்து சேரும்.

இஃப்கான்ஃபிக்கை மட்டம் தட்டவில்லை. 1983இல் 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் இயங்குதளத்தோடு வந்த அது, அதன் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டியிலும் ஆப்பிளின் மேக் கணினிகளிலும் இன்றும் முறையான கருவிதான். லினக்ஸில்தான் நிலைமை வேறு. 2017இல் வந்த டெபியன் 9 என்ற லினக்ஸ் பதிப்பு முதல் அது இருக்கும் நெட்-டூல்ஸ் தொகுப்பு தானாக நிறுவப்படுவதில்லை.

தகவல் எந்த வழியில் போக வேண்டும் என்ற வழித்தடத்திலும் இதே சிக்கல்தான். பழைய 'ரூட்' (route) கட்டளை பிரதான வழித்தட அட்டவணையை மட்டும் காட்டும். 'ஐபி ரூல்' கட்டளையால் விதி வைத்துப் பிரித்த மற்ற அட்டவணைகள் அதில் வரா. 'ஐபி ரூட் கெட்' அடித்து, போக வேண்டிய முகவரியைக் கொடுங்கள். எந்தக் கார்டு, எந்தக் கேட்வே (வெளியே அனுப்பும் ரூட்டர்), அனுப்பும்போது எந்த மூல முகவரி என்று கெர்னலே சொல்லிவிடும்.

இன்றைக்கே உங்கள் சர்வரில் இஃப்கான்ஃபிக்கையும் 'ஐபி அட்ரெஸ் ஷோ'வையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். பின்னதில் ஒரு முகவரி கூடுதலாக வந்தால், அது எதற்காக வைத்தது என்று விசாரித்து உடனே பட்டியலில் எழுதிவிடுங்கள்.