இத்தாலியா, அமெரிக்காவா, சீனாவா: ஐஸ் மெஷின் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

கேள்வி: மதுரையில் ஜூஸ் கடை வைத்திருக்கிறேன். ஐஸ் வெளியில் வாங்குகிறேன், கோடையில் தினமும் 100 கிலோ வரை போகிறது. சொந்தமாக மெஷின் போடலாம் என்று விசாரித்தால் ஒருவர் இத்தாலி மெஷின் என்கிறார், இன்னொருவர் அமெரிக்க பிராண்ட் என்கிறார், மூன்றாமவர் கிட்டத்தட்ட பாதி விலைக்குச் சீன மெஷின் தருகிறேன் என்கிறார். எந்த நாட்டில் செய்தது என்பதால் தரம் உண்மையிலேயே மாறுமா, இல்லை பெயருக்குத்தான் காசா?

பதில்: மாறும். ஆனால் நீங்கள் நினைக்கிற வழியில் இல்லை.

முதலில் அந்த 'அமெரிக்க பிராண்ட்' என்பதையே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். மேனிட்டோவாக் என்று ஒரு கம்பெனி, அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் அதே பெயருள்ள ஊரில் பிறந்தது, ஒரு காலத்தில் கப்பல் கட்டினார்கள், கிரேன் செய்தார்கள், இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பல்கூடச் செய்து கொடுத்தார்கள். ஐஸ் மெஷினில் பெரிய பெயர். ஆனால் அதே பெயரில் சீனாவின் ஹாங்சோவிலும் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. ஸ்காட்ஸ்மேனும் அமெரிக்கப் பெயர்தான், அங்கே தெற்கு கரோலினாவில் மெஷின் செய்கிறார்கள், ஐரோப்பிய மாடல்கள் இத்தாலியில் மிலன் பக்கத்தில் இருந்து வருகின்றன. ஹோஷிசாகி ஜப்பான் கம்பெனி, ஜப்பானைத் தவிர அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலும் சீனாவின் சூசோவிலும் செய்கிறது. ஆக பெயர் ஒரு நாடு, தொழிற்சாலை இன்னொரு நாடு.

முதலாளி யார் என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. ஸ்காட்ஸ்மேன் இப்போது இத்தாலியின் அலி குழுமத்துக்குச் சொந்தம். 2022-ல் அந்தக் குழுமம் மேனிட்டோவாக் ஐஸின் தாய்க் கம்பெனியையும் வாங்கப் போனது, இரண்டு பெரிய ஐஸ் மெஷின் பெயர்களும் ஒரே கையில் போனால் போட்டி இருக்காது என்பதால், மேனிட்டோவாக் ஐஸை மட்டும் பென்டேருக்கு விற்க வேண்டியதாயிற்று. பென்டேர் தண்ணீர் ஃபில்டர் வியாபாரத்தில் இருப்பவர்கள். ஐஸ் மெஷின் சாவதே தண்ணீரால்தான் என்பதால் அது பொருத்தமான கை என்றுதான் எனக்குத் தோன்றியது.

சரி, அப்போது நாடு எதில்தான் தெரியும்? ஐஸின் உருவத்தில். இத்தாலிக்காரர்கள் பார்களையும் காபிக் கடைகளையும் மனதில் வைத்து மெஷின் செய்தவர்கள். கீழேயிருந்து தண்ணீரைப் பீய்ச்சி, மேலே கவிழ்ந்திருக்கும் செம்புக் கிண்ணங்களுக்குள் ஐஸ் கட்ட விடுவார்கள், கண்ணாடி மாதிரி தெளிவாக, மெதுவாகக் கரைகிற கட்டி வரும். அமெரிக்காவில் கதை வேறு, பெரிய கிளாஸ் நிறைய ஐஸைக் கொட்டி மேலே கோலா ஊற்றிக் கொடுக்கிற ஊர் அது, அங்கே அளவுதான் முக்கியம், நின்றபடி இருக்கும் தட்டின்மேல் தண்ணீர் வழிந்து ஓட ஓட ஐஸ் படிந்து, பலகையாக விழுந்து சின்னச் சின்னக் கட்டிகளாக உடையும். ஜூஸ் கடைக்கு, மிக்ஸியில் அடிக்கப்போகிற ஐஸுக்கு, அந்த அழகான இத்தாலிக் கட்டி தேவையா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், பீய்ச்சுகிற துளைகள் சின்னவை. உப்பு அதிகமான போர் தண்ணீரை அப்படியே விட்டால் துளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வரும், பாதிக் கிண்ணத்தில் முழு ஐஸ், மீதியில் அரை ஐஸ் என்று விழும். இத்தாலி மெஷின் மோசம் என்று சொல்லும் பல கடைகளில் நான் பார்த்தது இதைத்தான், மெஷின் மேல் குற்றமில்லை, தண்ணீருக்கும் மெஷினுக்கும் ஒத்துவரவில்லை.

நாடு தெரியும் இரண்டாவது இடம் கரண்ட். இதைத்தான் யாரும் கேட்பதில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு ஹோட்டலில் கூப்பிட்டார்கள், வளைகுடாவில் இருந்து கன்டெய்னரில் வந்த பழைய மெஷின், பளபளவென்று இருக்கிறது, 220 வோல்ட் என்று போட்டிருக்கிறது, நம் பிளக்கிலேயே ஓடுகிறது, ஆனால் ஐஸ் மெலிசாக விழுகிறது, கம்ப்ரஸரில் கை வைக்க முடியவில்லை. பின்பக்கத் தகட்டைத் துடைத்துப் பார்த்தேன், 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 சுழற்சி வருகிற கரண்டுக்குச் செய்தது. சவூதியில் 60 ஹெர்ட்ஸ், நம்மிடம் 50. அமெரிக்காவும் 60-தான். மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், கம்ப்ரஸர், கண்டன்ஸர் ஃபேன், தண்ணீர் பம்ப் மூன்றுமே மந்தம், போதாக்குறைக்கு அதே வோல்ட்டேஜில் ஹெர்ட்ஸ் குறைந்தால் மோட்டார் சுருள் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடாகும். ஸ்டெபிலைசரோ டிரான்ஸ்ஃபார்மரோ வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. அந்த மெஷின் அடுத்த கோடையைப் பார்க்கவில்லை. (ஜப்பானில் இந்தக் கூத்து நாட்டுக்குள்ளேயே உண்டு, கிழக்குப் பாதியில் 50, மேற்குப் பாதியில் 60.) முறையாக இந்தியாவுக்கென்று வரும் மெஷினில் இந்தத் தொல்லை இல்லை, பழைய மெஷின் யாராவது சல்லிசாகத் தருகிறேன் என்றால் முதலில் தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அதே தகட்டில் இன்னொன்றும் பாருங்கள். ஐரோப்பிய மெஷின்களில் பல சமயம் வெப்பநிலை வகுப்பு என்று ஓர் எழுத்து இருக்கும். N என்றால் சுற்றுப்புறம் 32 டிகிரி வரை, ST என்றால் 38, T என்றால் 43. மதுரைக்கு T-க்குக் குறைந்து எதையும் தொடாதீர்கள்.

இப்போது விலைப்பட்டியலில் உள்ள அந்த '100 கிலோ' பற்றி. அமெரிக்கக் கையேடுகளில் பெரிய எழுத்தில் இருக்கும் அளவு, காற்று 21 டிகிரி, தண்ணீர் 10 டிகிரி என்று வைத்து எடுத்தது. ஐரோப்பியக் கணக்கும் அதைச் சுற்றித்தான். உங்கள் மாடித் தொட்டித் தண்ணீர் ஏப்ரல் மத்தியானம் 35 டிகிரிக்குக் குறையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 டிகிரித் தண்ணீர் ஒரு கிலோவை ஐஸாக்க ஏறக்குறைய 376 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும், 35 டிகிரித் தண்ணீருக்கு 480. வெறும் தண்ணீரால் மட்டுமே கால் பங்குக்கு மேல் கூடுதல் வேலை. கடைக்குள் காற்றும் சூடு, அதனால் கம்ப்ரஸரின் திறனும் இறங்கும். நான் பொதுவாக மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் பேசுவேன். உங்களுக்குத் தினமும் 100 கிலோ வேண்டுமென்றால் 150 கிலோ மெஷின் வாங்குங்கள். சீன மெஷினோ இத்தாலி மெஷினோ, இந்தக் கணக்கு யாருக்கும் சலுகை தராது. தொட்டிக்கு நிழல் போட்டாலே கொஞ்சம் மிச்சமாகும்.

அப்புறம் உள்ளே என்ன இருக்கிறது என்பது. டெமோ மெஷின் இருந்தால் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், நாலைந்து ஸ்க்ரூதான். கம்ப்ரஸரின் மேல் ஸ்டிக்கர் இருக்கும். எம்ப்ராக்கோ என்றிருந்தால் அடிப்படையில் பிரேசில் கம்பெனி, ஐரோப்பாவுக்கு ஸ்லோவாக்கியாவிலும் செய்கிறார்கள். டெக்கும்சே என்றால் அமெரிக்கப் பெயர், ஹைதராபாத்திலேயே தொழிற்சாலை உண்டு. ஆக 'இத்தாலி மெஷின்' என்று நீங்கள் வாங்குவதன் இதயம் இத்தாலியில் பிறந்ததாக இருக்க வேண்டியதில்லை, சீன மெஷினுக்குள் இதே கம்பெனியின் கம்ப்ரஸர் இருக்கவும் வாய்ப்பு உண்டு. பெயரே இல்லாத கம்ப்ரஸர், அல்லது ஸ்டிக்கர் சுரண்டப்பட்டது என்றால் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

விலை வித்தியாசம் பெரும்பாலும் ஒளிந்திருப்பது ஐஸ் கட்டும் பாகத்தில், அதாவது எவாப்பரேட்டரில். நல்ல மெஷினில் அது செம்பு, மேலே நிக்கலோ வெள்ளீயமோ பூசியிருப்பார்கள், ஹோஷிசாகியின் சில மாடல்களில் ஐஸ் படியும் தட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மலிவு மெஷின்களில் பூச்சு மெலிசு. இரண்டு கோடை போனதும் பூச்சு உரிந்து, ஐஸ் தொட்டியின் அடியில் கறுப்பும் வெள்ளியுமாகச் செதில் கிடக்கும், அந்தத் தட்டை மாற்றுகிற செலவுக்குப் புது மெஷினையே யோசிக்கலாம். ஆனால் விலை உயர்ந்த மெஷினையும் இதே கதிக்குக் கொண்டுவர முடியும், உப்பு எடுக்கிறேன் என்று கடையில் விற்கிற பாத்ரூம் ஆசிட்டை ஊற்றினால் போதும். நிக்கல் பூச்சுக்கென்றே தனி க்ளீனர் உண்டு, அதை மட்டும்தான் விட வேண்டும்.

தண்ணீருக்கு என்ன செய்வது என்றால், ஆர்ஓ போடலாம், ஆனால் டிடிஎஸ்ஸை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவை, ஒரேயடியாக இறக்கிவிடாதீர்கள். சில மெஷின்களில், முக்கியமாக அந்த அமெரிக்க வகையில், ஐஸ் போதுமான தடிமன் வந்ததை ஒரு கம்பி முனையில் தண்ணீர் பட்டு மின்சாரம் கடப்பதை வைத்துத்தான் அறியும். தண்ணீரில் உப்பே இல்லையென்றால் மின்சாரம் சரியாகக் கடக்காது, மெஷின் தெரியாமல் கட்டிக்கொண்டே போகும்.

உங்கள் மூன்று பேருக்கு வருகிறேன். ஜூஸ் கடை என்பதால் இத்தாலி மெஷினை நான் முதலில் ஒதுக்குவேன், அது மோசம் என்பதால் அல்ல, நீங்கள் மிக்ஸியில் உடைக்கப்போகிற தெளிவுக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பதால். அமெரிக்க பிராண்டுக்கும் சீன மெஷினுக்கும் நடுவில் முடிவு செய்வது ஸ்பேர்தான். அந்த அமெரிக்க மெஷின் ஹாங்சோவில் செய்ததாகவே இருந்தாலும் கவலைப்படாதீர்கள், பாகத்துக்கு எண் இருக்கிறது, கையேடு இருக்கிறது, எந்த மெக்கானிக்கும் தேடி எடுத்துவிடுவார். பெயர் தெரியாத மெஷினில் கன்ட்ரோல் போர்டு போனால், விற்றவர் அடுத்த கன்டெய்னரில் வேறு மாடல் இறக்கியிருப்பார், உங்கள் போர்டு உலகத்தில் எங்கேயும் இருக்காது.

அதனால் பணம் கொடுக்கும் முன் இருவரிடமும் நான்கு பாகத்துக்கு விலையும், எத்தனை நாளில் மதுரைக்கு வந்து சேரும் என்பதும் எழுத்தில் கேளுங்கள்: தண்ணீர் வரும் வால்வு, தண்ணீர் பம்ப், ஃபேன் மோட்டார், கன்ட்ரோல் போர்டு. யார் அன்றைக்கே விலை சொல்கிறாரோ அவரிடம் வாங்குங்கள். 'அதெல்லாம் ரிப்பேரே வராது சார்' என்கிறவரிடம் வேண்டாம்.